பண்ணைக் கழுதை நல்லா இருக்கான்னு எப்படி செக் பண்றது? புதுசா பாக்குறவங்களுக்கு

2022-ல திருநெல்வேலி பக்கம் கழுதைப் பால் பண்ணை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நம்ம ஊர்ல நிறைய பேர் கழுதை வளர்ப்பு பத்தி விசாரிக்கிறாங்க. நாட்டுல கழுதையே குறைஞ்சுக்கிட்டு வருது, 2012 கணக்கெடுப்புல சுமார் 3.2 லட்சம் இருந்தது 2019-ல 1.2 லட்சம் தான். அதனால இருக்குறதையாவது நல்லா வச்சுக்கணும்.

மாடு பாத்துப் பழகின கண்ணோட கழுதையைப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. மாடு வலிச்சா காட்டிக்கும், குதிரை வலிச்சா புரளும், கழுதை அப்படியே நிக்கும். "ரொம்ப சாதுங்க"ன்னு ஓனர் சொல்ற கழுதை பல தடவை வலியில நிக்குற கழுதையா இருக்கும். அதனால ஒரு வரிசை வச்சுக்கிட்டு பாக்கணும். ஐரோப்பாவுல 2015-ல 'அவின்'னு ஒரு ப்ராஜெக்ட்ல கழுதைக்குன்னே ஒரு மதிப்பீட்டு முறை வெளியிட்டாங்க, தீவனம், கொட்டகை, ஆரோக்கியம், நடத்தைன்னு நாலு தலைப்பு. அதை ஒட்டி, நம்ம ஊர் பண்ணைக்கு ஏத்த மாதிரி சொல்றேன்.

ஸ்டெப் 1: தொடாம பாருங்க

உள்ள போன உடனே கிட்ட போகாதீங்க. வேலிக்கு வெளியவே நின்னு ஒரு கால் மணி நேரம் பாருங்க. காது அசையுதா, எது எது ஜோடியா நிக்குது, எது தனியா தலையைத் தொங்கப்போட்டு நிக்குதுன்னு குறிச்சுக்கோங்க. கழுதை ஜோடி சேர்ற பிராணி, கூட்டாளியைப் பிரிச்சாலே சாப்பிடாம விட்டுடும். தீனித் தொட்டியை உத்துப் பாருங்க, ஏன்னா உடம்பு சரியில்லாத கழுதை தொட்டிக்குள்ள வாயை வச்சு மெல்லுற மாதிரியே நிக்கும் ஆனா ஒண்ணும் உள்ள போகாது, தொட்டியில தீனி குறையுதான்னு பாத்தா தான் உண்மை தெரியும். கீழ பாதி மென்னு துப்பின புல் உருண்டை கிடந்தா பல்லுல பிரச்சனை இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டெப் 2: பயப்படுதா?

கழுதைக்கு நேரா மூணு மீட்டர் தள்ளி நின்னு, கையை முன்னாடி சாய்வா நீட்டிக்கிட்டு ஒரு செகண்டுக்கு ஒரு அடின்னு மெதுவா நடங்க. எந்த இடத்துல அது பின்வாங்குது அல்லது திரும்புதுன்னு பாருங்க, கைக்கும் மூக்குக்கும் நடுவுல உள்ள தூரத்தை எழுதிக்கோங்க. அப்புறம் பக்கவாட்டுல முதுகு மேல கை வச்சு பின்பக்கம் வரை நடந்து போங்க, வாலைக் காலுக்கு நடுவுல இறுக்கி வச்சுக்கிட்டா பயம். நிறைய கழுதைங்க இப்படி பண்ணுச்சுன்னா அங்க கையாளுற விதத்துல ஏதோ சரியில்லை. நேரா பின்னாடி மட்டும் போகாதீங்க, உதைச்சிடும்.

ஸ்டெப் 3: கையால உடம்பு பாருங்க

இதுக்கு டைம் எடுத்துக்கோங்க. வயித்தைப் பாத்து 'நல்லா கொழுகொழுன்னு இருக்கு'ன்னு முடிவு பண்ணக்கூடாது, நார்த்தீனி திங்குறதால ஒல்லிக் கழுதைக்கும் வயிறு பெருசாத் தெரியும். உள்ளங்கையை விலா மேல வச்சு லேசா அமுத்துங்க. எலும்பு எலும்பா கைக்குத் தட்டுப்பட்டு, மேல கொஞ்சம் சதை இருந்தா 5-க்கு 3 மார்க், அது தான் சரி. அமுத்தாமலே துருத்திக்கிட்டு இருந்தா 1, எவ்வளவு தேடினாலும் எலும்பு கிடைக்கலைன்னா 5. பிடரிக்குக் கீழ கழுத்தையும் முதுகெலும்பு, புட்டத்தையும் இதே மாதிரி தொட்டுப் பாருங்க, கழுத்துல சேர்ற கொழுப்பு கெட்டியாகிட்டா இளைச்சாலும் போகாது.

குண்டுக் கழுதையை உடனே பட்டினி போடாதீங்க! தீனி நின்னா உடம்புக் கொழுப்பு ரத்தத்துல கலந்து உயிரே போகலாம், கர்ப்பமா இருக்குறதுக்கும் பால் குடுக்குறதுக்கும் ரிஸ்க் இன்னும் அதிகம்.

அப்படியே தோலையும் பாருங்க. முன்னங்கால்ல தளைக் கயிறு அறுத்த தழும்பு, முதுகுப் புண், ஈ மொய்க்கிற கண், சில இடத்துல மூக்கைக் கீறிவிடுற வழக்கம் இருக்கு அந்தத் தழும்பு, எல்லாம் எழுதுங்க. மூக்குல மஞ்சளா பிசுபிசுன்னு ஒழுகி, தோல்ல கட்டி உடைஞ்ச புண்ணும் இருந்தா அதோட நிறுத்திடுங்க, கிளாண்டர்ஸ்ங்குற பாக்டீரியா நோயா இருக்கலாம், மனுஷனுக்கும் தொத்தும், டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும்.

ஸ்டெப் 4: குளம்பு

கழுதை வறண்ட நிலத்துப் பிராணி, ஆனா நாம சாணி ஈரத்துல நிக்க வச்சிடுறோம். முனை நீண்டு மேல வளைஞ்சு செருப்பு மாதிரி ஆயிருந்தா மாசக்கணக்கா யாரும் கவனிக்கலைன்னு அர்த்தம். 6-லருந்து 10 வாரத்துக்கு ஒருதடவை வெட்டணும். தூக்கிப் பாத்து நாத்தம் வருதான்னு மோந்து பாருங்க, அப்புறம் கெட்டித் தரையில நடக்க விட்டு நொண்டுதான்னு பாருங்க.

ஸ்டெப் 5: கொட்டகை, தண்ணி, தீவனம்

தண்ணியை கையில அள்ளிப் பாருங்க, பாசி இருந்தா கழுதை குடிக்காது. எல்லாத்துக்கும் நிழல் வேணும், மழைக்கு ஒதுங்க இடம் வேணும், ஏன்னா கழுதை முடி நனைஞ்சா தண்ணி தோல் வரைக்கும் இறங்கிடும். காஞ்ச வைக்கோல், காஞ்ச புல் தான் மெயின் சாப்பாடு. தீவன மூட்டை லேபிளைப் படிங்க, மாட்டுக்குப் போடுற சில தீவனத்துல மோனென்சின்னு ஒரு மருந்து கலந்திருக்கும், அது கழுதைக்கு விஷம்.

பால் பண்ணைன்னா குட்டியையும் தனியா செக் பண்ணுங்க. கறக்குறதுக்கு முன்னாடி குட்டியை எத்தனை மணி நேரம் பிரிச்சு வைக்கிறாங்க, கறந்த பிறகு அதுக்கு மிச்சம் இருக்கா, விலா தெரியுதான்னு. கழுதை மடி சின்னது, விக்குற ஒவ்வொரு சொட்டும் குட்டியோட பங்குலருந்து தான் வருது. ஓனர் எவ்வளவு அன்பானவரா இருந்தாலும் இந்தக் கேள்வியை விடாதீங்க.

ஸ்டெப் 6: நம்பர்

ஓய்வா நிக்குற பெரிய கழுதைக்கு நாடி நிமிஷத்துக்கு 36–52, மூச்சு 12–28, உடம்புச் சூடு சுமார் 37.1 டிகிரி. வெயில்ல நின்னது, ஓடினதுன்னா நிழல்ல ஆறவிட்டு எடுங்க.

எல்லாத்தையும் ஒவ்வொரு கழுதைக்கும் ஒரு பக்கம்னு நோட்ல எழுதி, அடுத்த தடவை அதே ஆள் பாத்தா மாற்றம் தெரியும். சாப்பிடாம சோர்ந்து நிக்குறது, கால் ஊன முடியாதது, மூச்சு வாங்குறது இது மூணுல எது இருந்தாலும் நோட்டை மூடிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு போன் போடுங்க இல்லைன்னா பக்கத்து கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க, "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு ஓனர் சொன்னாலும்.