பரோலோவை முதலில் திறக்காதீர்கள்

முதன்முதலாக என் கைக்கு வந்த பரோலோ ஒயின் பாட்டிலை சென்னையில் ஒரு மே மாத இரவில், மட்டன் சுக்காவோடு திறந்தேன். நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். இரண்டு வாய்க்கு மேல் யாரும் குடிக்கவில்லை. விலையைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒயின் கெட்டுப்போய்விட்டது என்று அன்று நினைத்தேன். ஒயினில் ஒரு குறையும் இல்லை, கெடுத்தது நான்தான். அந்த ஒரே சாப்பாட்டில் எத்தனை தவறுகள் செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பரோலோ வருவது வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்திலிருந்து. அங்கே அல்பா நகரத்தைச் சுற்றியுள்ள குன்றுகளை லாங்கே என்பார்கள். சில ஹெக்டேர் மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய. தாத்தா நட்ட கொடியிலிருந்து பேத்தி ஒயின் எடுப்பது அங்கே வியப்பில்லை. அப்படி ஒரு குடும்பம் பெரும்பாலும் மூன்று சிவப்பு ஒயின்களாவது செய்யும்: டோல்செட்டோ, பர்பெரா, நெபியோலோ. மூன்றும் திராட்சை வகைகளின் பெயர்கள். இதில் நெபியோலோவை மட்டும் வைத்து, 11 ஊர்களின் எல்லைக்குள் செய்தால்தான் அதற்குப் பரோலோ என்ற பெயர் கிடைக்கும்.

வெளியூர்க்காரர்களுக்குப் பரோலோ மட்டும்தான் கண்ணில் படுகிறது. முதல் தவறு அதுதான். அந்த வீட்டு மேசையில் தினமும் இருப்பது டோல்செட்டோவும் பர்பெராவும். தெற்கு பார்த்த, பனி முதலில் உருகும் சரிவுகளை நெபியோலோவுக்குக் கொடுத்துவிட்டு, மீதி இடங்களில் மற்ற இரண்டையும் நடுவார்கள். டோல்செட்டோ செப்டம்பரிலேயே பழுத்துவிடும். நெபியோலோவுக்காக அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். குடிக்கும் வரிசையும் ஏறக்குறைய அப்படித்தான்: பன்றி இறைச்சித் தொடுகறிக்கு டோல்செட்டோ, பாஸ்தாவுக்கு பர்பெரா, கடைசியில் பெரிய இறைச்சி வரும்போது பரோலோ. வரிசையை மாற்றிப் பரோலோவில் தொடங்கினால், அதன் பிறகு வரும் டோல்செட்டோ வெறும் பழச்சாறு போலத் தெரியும். பாவம், அதன் குற்றம் அல்ல.

அப்புறம் பெயரையும் நிறத்தையும் நம்புவது. டோல்செட்டோ என்றால் 'சின்ன இனிப்பு' என்று பொருள் வரும். ஆனால் ஒயினில் சர்க்கரை கிடையாது, முடிவில் பாதாம் தோல் போல ஒரு மெல்லிய கசப்புகூட உண்டு. நிறத்தில் இதைவிடப் பெரிய ஏமாற்று. பர்பெரா மை போலக் கருஞ்சிவப்பாக இருக்கும், குடித்தால் துவர்ப்பு அதிகம் இருக்காது. பரோலோவைக் கிளாஸில் ஊற்றினால் பின்னால் வைத்த எழுத்தை வாசித்துவிடலாம், ஓரத்தில் செங்கல் நிறம் தெரியும். இவ்வளவு வெளிர்தானா என்று அலட்சியமாக ஒரு வாய் குடித்தால் ஈறுகள் இறுகிவிடும்.

இந்த இறுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், உணவு இணைப்பின் பாதி இதில்தான் இருக்கிறது. ஒயின் புத்தகங்கள் இதை டானின் என்கின்றன. நமக்கு அந்தச் சொல்லே தேவையில்லை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி வைத்திருக்கிறோம். பால் ஊற்றாத கெட்டி டீயைக் குடித்தால் நாக்கு வறள்வது இதனால்தான். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள இந்தப் பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, வாயின் வழவழப்பு போய்விடுகிறது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு குறைகிறது அல்லவா? பிடித்துக்கொள்ள அதற்குப் பால் புரதம் கிடைத்துவிடுகிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி, முற்றிய பாலாடைக்கட்டி, வெண்ணெய் எல்லாம் பரோலோவுக்குச் செய்வதும் கிட்டத்தட்ட அந்தப் பாலின் வேலைதான். அதனால் பரோலோவை வெறும் வயிற்றில், தனியாக 'ருசி பார்ப்பது' அதற்குச் செய்யும் அநியாயம்.

பர்பெராவின் கதை வேறு. அதில் துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். ரசம் எப்படி நெய்ச் சோற்றின் கனத்தை வெட்டுகிறதோ அப்படி, வெண்ணெயில் புரட்டிய, உள்ளே இறைச்சி வைத்த அன்யொலோட்டிப் பாஸ்தாவை பர்பெரா வெட்டும். தக்காளிக் குழம்போடும் சேரும், ஏனென்றால் தக்காளியின் புளிப்புக்கு ஈடு கொடுக்கப் புளிப்புள்ள ஒயின்தான் வேண்டும். மூன்றில் ஒன்றைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பர்பெராவைத்தான் எடுப்பேன்.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதும் தவறு. விதியில் உண்மை இருக்கிறது: ஒயினில் உள்ள இரும்புச்சத்து கடல் உணவோடு சேரும்போதுதான் அந்த மீன் வீச்சம் கிளம்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். ஆனால் கடலே இல்லாத பீட்மாண்டின் பேர்போன உணவு எது தெரியுமா? பான்யா காவ்தா: உப்பிட்ட நெத்திலி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் மூன்றையும் மெல்லச் சூடாக்கி, காய்கறிகளைத் தொட்டுச் சாப்பிடுவது. நெத்திலி, லிகூரியாக் கடற்கரையிலிருந்து மலை கடந்து உப்போடு வந்தது. அதற்குக் காலங்காலமாக அவர்கள் ஊற்றுவது இளம் பர்பெரா.

என் மட்டன் சுக்காவுக்கு வருகிறேன். இறைச்சி சரி, மசாலாதான் தப்பு. பரோலோவில் சாராயத்தின் அளவு பெரும்பாலும் 14 சதவீதத்துக்குக் குறையாது. மிளகாயின் எரிச்சலைச் சாராயம் ஏற்றிவிடும், அந்த எரிச்சல் பதிலுக்குத் துவர்ப்பைக் கசப்பாக்கும். அந்தக் குன்றுகளின் சமையலில் மிளகாய்க்கு ஏறக்குறைய வேலையே இல்லை. வெண்ணெய், முட்டை, மாட்டிறைச்சி, காளான், அக்டோபரிலிருந்து குளிர்காலம் வரை, மண்ணுக்கடியில் விளையும் வாசக் காளானான வெள்ளை டிரஃபிள். இந்த ஒயின்கள் பழகியது அந்தச் சுவைகளோடு. காரச் சாப்பாடுதான் என்றால் லேசாகக் குளிரவைத்த டோல்செட்டோவோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் மிதமான காரத்துக்கு மட்டும். ஆந்திரா மீல்ஸுக்கு மோர்தான்.

அன்றைய அடுத்த தவறு சூடு. 'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள்' என்ற அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் பிறந்தது. பரோலோவுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். சென்னையின் 32 டிகிரியில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ஐஸ் கலந்த தண்ணீரில் பாட்டிலைக் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வயதையும் நான் பார்க்கவில்லை. பரோலோவை அறுவடை ஆண்டின் நவம்பரிலிருந்து 38 மாதங்கள், அதில் 18 மாதங்களாவது மரத்தில், வைத்திருந்த பிறகுதான் விற்கலாம் என்பது சட்டம். விற்பனைக்கு வந்துவிட்டதாலேயே குடிக்கத் தயார் என்று ஆகாது. லா மோரா ஊரின் பரோலோ பொதுவாகச் சற்று முன்னதாக இளகும், செர்ராலுங்கா ஊருடையது பத்தாண்டுக்குப் பிறகும் முறைத்துக்கொண்டிருக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு அதே குடும்பம் 'லாங்கே நெபியோலோ' என்ற பெயரில் இளம் ஒயின் ஒன்றும் விற்கும். அதே திராட்சை, விலை குறைவு. கடைக்காரர்கள் இதைப் பரோலோவின் தம்பி போலப் பேசுவார்கள், அது ஓரளவு உண்மையும்கூட.

எந்தப் பீப்பாயில் வைத்தது என்று கேட்காமல் வாங்குவதும் தவறுதான். இதற்காகக் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. ஒயின் செய்யும் எலியோ அல்தாரே 1983இல் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் போட்டார், 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைக் கொண்டுவருவதற்காக. அப்பா அவருக்குச் சொத்து இல்லை என்றுவிட்டார். எதிர் அணியில் பர்தோலோ மஸ்கரெல்லோ, 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று கையால் லேபிளே வரைந்தவர். பாரிக் என்பது அந்தச் சின்னப் பீப்பாய், பெர்லுஸ்கோனி இத்தாலிய அரசியல்வாதி. புதிய சின்னப் பீப்பாய் வனிலா வாசத்தையும் லேசான இனிப்பையும் தரும், நெருப்பில் வாட்டிய இறைச்சிக்குப் பொருந்தும். பெரிய பழைய பீப்பாயில் ரோஜாவும் தார் வாசமும் அப்படியே நிற்கும். டிரஃபிள் சீவிய முட்டைப் பாஸ்தாவுக்கு நான் பெரிய பீப்பாயின் பக்கம்.

சமையலில் ஊற்றும் ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை. 'பிரசாத்தோ அல் பரோலோ' என்பது ஒயினில் ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சி. பெயரில் இருக்கிறதே என்று ஒரு பாட்டில் பரோலோவைச் சட்டியில் கவிழ்க்க வேண்டாம். நல்ல பர்பெராவோ லாங்கே நெபியோலோவோ போதும், பரோலோ கிளாஸில் இருக்கட்டும்.

இனிப்பு வந்தால் சிவப்பு ஒயினை ஓரமாக வையுங்கள். கேக்குக்குப் பக்கத்தில் இனிப்பில்லாத எந்த ஒயினும் புளித்துப் போனது போலத் தெரியும். அங்கேயே செய்யும் மொஸ்காத்தோ தாஸ்தி என்ற இனிப்பான வெள்ளை ஒயின் அதற்கென்றே இருக்கிறது.

நேரில் போகிறவர்களுக்கு: சொல்லாமல் போய் நிற்காதீர்கள். ஒயின் ஊற்றித் தருபவரேதான் டிராக்டரும் ஓட்டுகிறார், அறுவடை மாதங்களில் அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. ருசி பார்த்துத் துப்புவது அவமரியாதை இல்லை, அதற்குத்தான் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். கார் ஓட்டுகிறீர்கள் என்றால் துப்பியே ஆக வேண்டும். ஊர் திரும்பும்போது இந்தியச் சுங்கம் தீர்வையின்றி விடுவது ஆளுக்கு 2 லிட்டர், அதாவது இரண்டு பாட்டில். இரண்டையும் பரோலோவாக வாங்காமல் ஒன்றை பர்பெராவாக வாங்குங்கள். அதை வந்த வாரமே திறக்கலாம்.