பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு வருகிறவர்கள் நோட்டும் பேனாவும் வாங்கி வந்து அம்மன் முன்னால் வைத்து எடுப்பது வழக்கம். பொதுத் தேர்வுக்கு முன்னால் கூட்டம் இன்னும் கூடும். சிலர் கட்டுக் கட்டாக வாங்கிவிடுவார்கள். சொந்தப் பிள்ளைக்கு இரண்டு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எங்கே கொடுப்பது என்று பூந்தோட்டம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, "பக்கத்தில் கவர்மென்ட் ஸ்கூல் எங்கே இருக்கு?" என்று விசாரிப்பார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்தவர்கள், திலதர்ப்பணபுரியில் தர்ப்பணம் கொடுத்தவர்கள், நவக்கிரகக் கோயில்களைச் சுற்றும் வேன்கள் என்று எங்கள் பக்கம் வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் அவர்களில் பலருக்கு உண்டு.

நான் நன்னிலம் பக்கத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாசலில் வந்து நின்ற வண்டிகளைப் பள்ளிக்கு உள்ளேயிருந்து பார்த்தவள் என்பதால், கொடுக்க வருகிறவர்களிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், அந்த நோட்டுக் கட்டு வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப் பை, காலணி, கலர் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசே கொடுக்கிறது. மதியம் முட்டையோடு சாப்பாடு. 1 முதல் 5 வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி. அந்தத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானதே எங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25 அன்று. நடவுக் காலத்தில் விடியும் முன்னே வயலுக்குப் போய்விடுகிற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் பள்ளிக்கு என்னதான் இல்லை? புதுப் பொருளை வாங்கித் தர அரசு இருக்கிறது, நன்கொடையாளர்களும் இருக்கிறார்கள். வாங்கிய பொருள் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யத்தான் ஆள் கிடையாது. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று வரும். 30 பிள்ளைகளுக்குள் இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேருக்குள் என்றால் 25,000. சுண்ணாம்புக்கட்டி, பதிவேடு, பினாயில், துடைப்பம், பல்பு, பூட்டு எல்லாம் அதற்குள்தான். மானியம் தாமதமானால் தலைமையாசிரியர் கைக்காசு போடுவார். இதற்கு நடுவில் மோட்டார் காயில் புகைந்துவிட்டால் கழிப்பறைக்குத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாவிட்டால் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வரமாட்டார்கள். அதைச் சரிசெய்யச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆனால் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொடுத்து அதில் பெயர் எழுதிக்கொள்ள முடியாதே! அதனால்தானோ என்னவோ யாரும் முன்வருவதில்லை.

குடிநீர் இயந்திரத்தின் கதையும் இதுதான். உபயம் இன்னார் என்று பெரிய எழுத்தில் பெயர் இருக்கும். உள்ளே ஃபில்டரை மாற்றி வருஷக் கணக்காகியிருக்கும், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. கடலோரம் போகப்போக நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆகவே புது இயந்திரம் வாங்கித் தராதீர்கள். இருக்கிற இயந்திரத்துக்கு மூன்று வருஷ சர்வீஸ் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ரசீதைப் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுப்பதில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. கோயில் வாசலிலும் மெயின் ரோட்டிலும் இருக்கிற பள்ளிக்குக் கொடுக்க ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். பேருந்துச் சாலையை விட்டு வாய்க்கால் ஓரமாக நாலைந்து கிலோமீட்டர் உள்ளே போங்கள். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிற தொடக்கப் பள்ளிகள் அங்கே இருக்கும். ஒருவருக்கு வட்டாரக் கூட்டம் என்றால், அன்று மற்றவர்தான் முழுப் பள்ளிக்கும் ஆசிரியர். பள்ளியின் பெயரோடு 33 என்று தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண்ணையும் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுத்திருக்கிற தனி எண்) குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கிற மாவட்டங்கள் இவை. பணம் அனுப்பும்போது பள்ளி மாறிப்போகாமல் இருக்க அந்த எண்தான் கைகொடுக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விஜயதசமி அன்று கூத்தனூரில் கூட்டம் அலைமோதும். அன்று பள்ளிக்கு விடுமுறை, வகுப்பு நடக்காது. ஜூன் மாதம் சேர்க்கை, பாடநூல் விநியோகம் என்று தலைமையாசிரியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை அடைமழை. கலெக்டர் காலையில்தான் விடுமுறை அறிவிப்பார். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும், பார்க்கவும் ஊர் அழகாக இருக்கும். அதை விட்டால் பொங்கல் கழிந்து பிப்ரவரி வரை. எந்த நாளில் வந்தாலும், பள்ளி விடுகிற நேரத்தை ஒட்டி வருவது நல்லது. காலையில் வந்தால் ஒரு வகுப்பின் பாடம் உங்களால் போகும், மதியம் வந்தால் சாப்பாட்டு வரிசை குலையும். எப்போது வந்தாலும் முதல் நாளே ஒரு போன் போட்டுவிடுங்கள். தலைமையாசிரியரின் எண் தெரியாவிட்டால் ஊர் டீக்கடையில் கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரின் வீட்டைக் காட்டுவார்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த குழு அது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவர் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளையின் அம்மாவாகத்தான் இருப்பார்.

சரி, நேரில் உட்கார்ந்தாகிவிட்டது. "என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராது. வெளியூர்க்காரரிடம் குறை சொன்னால் மேலே போய்விடுமோ என்ற பயம் ஒருபுறம், கூச்சம் ஒருபுறம். "நீங்க பார்த்துச் செய்ங்க சார்" என்று முடித்துவிடுவார்கள், நீங்களும் ஒரு பீரோவைப் பார்த்துச் செய்துவிட்டுப் போவீர்கள். "எது ரிப்பேராகிக் கிடக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். ஓடாத ஃபேன், கதவு தொங்குகிற கழிப்பறை, கை கழுவும் தொட்டியில் காணாமல் போன குழாய், மழைக்கு ஒழுகும் மூலை எல்லாம் வரிசையாக வெளியே வரும். அப்புறம் கூடவே நடந்து பார்த்துவிட்டு, பக்கத்து டவுனிலிருந்து பிளம்பரையோ எலெக்ட்ரீஷியனையோ அழைத்துவந்து, வேலை முடிந்ததும் அவரிடமே பணத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு மாலை நேரத்தில் முடிகிற வேலைதான். கழிப்பறை சுத்தம் செய்ய வருகிற அம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை, நல்ல பிரஷ், ஒரு வருஷத்துக்குப் பினாயில் என்று வாங்கி வைத்தால், என் கணக்கில் அது ஒரு ஸ்மார்ட் டிவிக்கு மேல்.

புத்தகம் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் வீட்டை ஒழித்தபோது கிடைத்த பழைய வார இதழ்களையும் தடித்த ஆங்கில அகராதிகளையும் கொடுக்காதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தானாக எடுத்துப் படிக்க, ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, நல்ல படம் உள்ள மெல்லிய தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளில் அப்படிப்பட்டவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரே புத்தகத்தில் ஐந்து பிரதி வாங்கினால் ஒரு குழுவாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இன்னொன்று, டெல்டாவின் களிமண் தரை மழைக் காலத்தில் ஈரத்தை மேலே இழுக்கும். தரையோடு வைத்த புத்தகம் ஜனவரிக்குள் பூஞ்சை பிடிக்கும், இல்லாவிட்டால் கரையான் தின்னும். எனவே புத்தகத்தோடு, செங்கல் மேல் தூக்கி வைக்க ஓர் இரும்பு அலமாரியும் சேர்த்துக் கொடுங்கள். அடைமழை நாட்களில் மைதானம் குளமாகிவிடும் என்பதால் கேரம் போர்டு, செஸ் போர்டுக்கும் நல்ல வேலை இருக்கும். கேரம் காய் சீக்கிரம் தொலையும், இரண்டு செட்டாக வாங்குங்கள்.

ஆனால் புத்தகம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர்வுப் பயிற்சிப் புத்தகம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்று ஒரு மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகிவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. விவசாயக் கூலி வீட்டில், பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திவிடலாமா என்று பேச்சு எழுகிற நேரத்தில், அந்தப் பணம் அவள் பக்கம் நின்று பேசும். பாடப் பகுதியை ஆசிரியர் நடத்திவிடுவார். மனத்திறன் கேள்விகள்தான் பிள்ளைகளுக்குப் புதிது. எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், குறியீட்டு மொழி எல்லாம் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும். எட்டாம் வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை பயிற்சிப் புத்தகம், மாதிரித் தேர்வுத் தாளுக்கு ஜெராக்ஸ் செலவு, தேர்வு நாளன்று டவுனில் இருக்கிற மையத்துக்குப் போய்வர ஒரு வேன், மதியம் சாப்பாடு. ஒரு பயணக் குழு சேர்ந்தால் எளிதாகச் செய்துவிடலாம். பயணத்தில் கணக்கு தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஊர் திரும்பிய பிறகும் சனிக்கிழமைகளில் செல்போனில் மனத்திறன் சொல்லிக்கொடுக்கலாம், தலைமையாசிரியரின் அனுமதியோடும் ஓர் ஆசிரியர் கூட இருக்கவும். பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி இருந்தால் ஒன்பதாம் வகுப்பின் ஊரகத் திறனாய்வுத் தேர்வைப் பற்றியும் கேளுங்கள். வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவார்கள்.

பணமாகவே கொடுப்பதென்றால் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அது தலைமையாசிரியராகவே இருந்தாலும். பின்னால் யாராவது ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் அலைவது அவர்தான். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தில் பள்ளியைத் தேடி, அதன் தேவையைப் பார்த்துப் பணம் அனுப்பலாம். சின்னத் தொகை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளலாம். வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவில் பொருளாகக் கொடுத்தது கணக்கில் வராது, ரொக்கமும் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பாவிலிருந்து வருகிற நம் ஆட்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பின் வழியாகத்தான் அவர்கள் அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று பெரியவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சில விஷயங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பென்சிலைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது வேண்டாம். வாங்கும்போது கேமராவைப் பார்க்காமல் தலையைக் குனிகிற பிள்ளைகளும் உண்டு. பொருளை அலுவலக அறையில் வைத்துவிட்டுப் போங்கள், ஆசிரியர் கொடுத்துக்கொள்வார். படம் வேண்டுமானால் சரிசெய்த குழாயை எடுங்கள். பிள்ளையின் முகத்தையும் பெயரையும் பள்ளியின் பெயரோடு சேர்த்து வெளியே போடவே கூடாது. தனியாக ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது மாதிரி பணம் அனுப்புவதையும் நான் ஆதரிப்பதில்லை, வகுப்பில் மற்ற பிள்ளைகளின் முகத்தை ஆசிரியர்தான் பார்க்க வேண்டியிருக்கும். மேடை போட்டு வாழ்க்கைத் தத்துவம் பேசும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். 2024-ல் சென்னைப் பள்ளி ஒன்றில் ஒரு சொற்பொழிவால் வந்த சர்ச்சைக்குப் பிறகு வெளியாட்கள் பேசுவதில் கெடுபிடி அதிகம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மணிவிழாச் சாப்பாட்டைப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்பார்கள். காலையில் சமைத்ததை மதியம் வரை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தால் எந்தத் தலைமையாசிரியரும் பயப்படத்தான் செய்வார். சத்துணவு அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அன்றைய சாப்பாட்டோடு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சேர்க்கலாம். நிழலுக்குக் கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்று யாரும் வாய் திறக்கவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் போனார்கள். இந்தப் பக்கத்தில் ஆசிரியராக இருந்த யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய துணியும் அப்படித்தான், சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாக மக்கிக் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது முதல் வாரம் குவிந்த உதவி அப்புறம் காணாமல் போனது. புயல் வந்தால் ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுங்கள், அப்போதுதான் எந்தப் பள்ளியில் இன்னும் கூரை ஒழுகுகிறது என்பது தெரியும்.

ஒருமுறை வந்துபோன பள்ளியை விட்டுவிடாமல், ஜூலையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என்று இரண்டு போன் போதும். போன தடவை கட்டிய மோட்டார் ஓடுகிறதா, எட்டாம் வகுப்பில் இந்த வருஷம் எத்தனை பேர், இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. தலைமையாசிரியருக்குக் கலந்தாய்வில் மாறுதல் வந்துவிடும், அவரை மட்டும் நம்பினால் தொடர்பு அறுந்துபோகும். மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிற அம்மாவின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அவர் போனை எடுக்கமாட்டார், வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், நடவு நாட்களில் ஏழு மணிக்கு மேல்.