கடலடி அலைப்பதிவு: வேகத்தைப் பார்த்துப் பாறையின் பெயரைச் சொல்லாதீர்கள்

கடலடி மேலோட்டைப் படிக்க வருகிறவர்கள் கையில் முதலில் கிடைப்பது ஓர் அட்டவணை. மேலே வண்டல், முதல் அடுக்கு. அதன் கீழ் பசால்ட் என்ற எரிமலைப் பாறையும், விரிசல்களில் செங்குத்தாகச் சொருகி உறைந்து நிற்கும் பாறைத் தகடுகளான டைக்குகளும், இரண்டாம் அடுக்கு. அப்புறம் ஆழத்தில் மெல்ல உறைந்த பாறையான காப்ரோ, மூன்றாம் அடுக்கு. அதில் நிலநடுக்க அலைகளில் முதலில் வந்து சேரும் முதன்மை அலை நொடிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. ஓடும். வேகம் 8ஐ நெருங்கினால் மேலோடு முடியும் மோகோ எல்லையைத் தாண்டி, அதன் அடியிலுள்ள மேல் கவசத்துக்குள் (mantle) வந்தாயிற்று. மொத்த மேலோடே 6, 7 கி.மீ.தான். மனப்பாடம் செய்ய நல்ல அட்டவணை. ஆனால் அலை நமக்குத் தருவது வேகத்தை மட்டும். அதைப் பார்த்ததும் பாறையின் பெயரைச் சொல்லிவிடுகிறோமே, என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய தவறு.

கிழக்குப் பசிபிக்கில் 504பி என்றோர் ஆய்வுத் துளை. 1979இல் தொடங்கி, பல பயணங்களில் கடல்தரைக்குக் கீழே 2,111 மீட்டர் வரை துளைத்தார்கள். ஆழத்தில் வேகம் மூன்றாம் அடுக்கின் வேகமாகிவிட்டது. மேலே வந்த பாறையோ காப்ரோ இல்லை, அதே டைக்குகள்தான்! விரிசல்களும் நுண்துளைகளும் குறைந்ததும், சூடான கடல்நீர் கனிமங்களை மாற்றியதும்தான் வேகத்தைக் கூட்டியிருந்தன. இன்னொரு துளையான 1256டியில் கதை தலைகீழ்: 2005இல் காப்ரோவையே எட்டினார்கள், வேகம் இன்னும் இரண்டாம் அடுக்கில் நின்றது.

மோகோவிலும் இதே சிக்கல் உண்டு. கடல்தரை இரண்டாகப் பிரிந்து மெதுவாக விரியும் நடுக்கடல் முகடுகளில் கடல்நீர் கவசப் பாறையான பெரிடோடைட்டுக்குள் இறங்கி, அதில் ஒரு பகுதியைச் செர்பென்டைனாக மாற்றிவிடும். அப்போது அதன் வேகம் காப்ரோவின் வேகத்துக்கே இறங்கிவிடலாம். 'இங்கே மேலோடு தடிமன்' என்று எழுதுமுன் இதை யோசித்தே ஆக வேண்டும்.

கவசம் உருகிய குழம்பு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். திரவத்தில் போகாத இரண்டாம் நிலை அலை கவசத்தில் நன்றாகவே போகிறது. 1995-96இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் நடந்த 'மெல்ட்' ஆய்வில், முகட்டுக்கு அடியிலேயே சில நூறு கி.மீ. அகலத்துக்குப் பரவிக் கிடந்த உருகல் ஓரிரு சதவீத அளவில்தான் தெரிந்தது.

இன்னொன்று: ஒரே திசையில் அளந்த கோட்டை வைத்து மேல் கவசத்தின் வேகம் இதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். தரை விரியும்போது கவசப் பாறையிலுள்ள ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் வரிசைப்பட்டுவிடுவதால், விரிந்த திசையில் அலை வேகமாகவும் குறுக்கே மெதுவாகவும் போகும். புவியியலாளர் ஹாரி ஹெஸ் 1964லேயே இதை எடுத்துக் காட்டிவிட்டார்.

சரி, கருவிக்கு வருவோம். கடலடி நிலநடுக்கமானிக்கு நீருக்குள் ஜி.பி.எஸ். கிடைக்காது. உள்ளே இருக்கும் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மில்லி விநாடி பிசகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் 0.36 நொடிக்கு மேல். அந்த நேரத்தில் கவசத்து அலை கிட்டத்தட்ட 3 கி.மீ. போயிருக்கும், அதாவது மேலோட்டின் பாதி. இறக்குமுன் ஒருமுறை, எடுத்ததும் ஒருமுறை நேரத்தை ஒப்பிட்டுத் திருத்துவது வழக்கம். எடுக்குமுன் பேட்டரி தீர்ந்துவிட்டால்? இரண்டு கருவிகளின் பின்னணி இரைச்சலை ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரு திசைகளிலும் போகும் அலைகளின் நேரங்கள் எவ்வளவு நழுவியிருக்கின்றன என்று பார்த்தால் பிசகு பிடிபடும்.

கருவி தரையில் எந்தப் பக்கம் பார்த்து விழுந்தது என்பதும் தெரியாது. தொலைதூரப் பெரிய நிலநடுக்கங்களிலிருந்து புவியின் மேற்பரப்பை ஒட்டி வரும் ராலே அலைகளை வைத்து முதலில் திசையைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன் கிடைமட்டப் பதிவுகளைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக வண்டல். மோகோவில் முதன்மை அலை இரண்டாம் நிலை அலையாக மாறி வந்து சேர, கடலடியில் நேராக வந்த முதன்மை அலையைவிட முக்கால் நொடிதான் தாமதம். இளகிய வண்டல் 500 மீட்டர் இருந்தாலே, அதன் அடியில் மாறிய அலை ஒரு நொடிக்கு மேல் பிந்தலாம். பதிவில் முதலில் வரும் பெரிய எழுச்சியை மோகோ என்று குறித்துவிடாமல், நீருக்குள் அழுத்தக் காற்றை வெடிக்கவிடும் ஏர்கன் கருவியின் பதிவிலிருந்து வண்டலின் தடிமனை எடுத்து, அதன் பங்கைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.