டபிள் கப்பா சிங்கிள் கப்பா: பின்பெட்டி நீளம் பாத்து எடுங்கோ

வன்னியில கப், அதாவது பின்னுக்குத் திறந்த பெட்டி உள்ள பிக்கப் வண்டி, எடுக்கிற ஆக்கள் முதல்ல எஞ்சினையும் விலையையும்தான் பாக்கினம், ஆனா பின்பெட்டியை அளந்து பாக்கிறவை குறைவு. டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டியில டபிள் கப் (ரெண்டு வரிசை சீற்) எண்டாலும் சிங்கிள் கப் (ஒரு வரிசை சீற்) எண்டாலும் முழு நீளம் கிட்டத்தட்ட ஒண்டுதான், கேபின் கூடினா பெட்டி குறையும். டபிள் கப்புக்கு ஏறக்குறைய 5 அடி, சிங்கிளுக்கு 7 அடிக்கு மேல.

வாங்க முதல் ஒரு டேப்பைக் கொண்டு போங்கோ. பின்கதவைப் பூட்டி பெட்டிக்கு உள்ளுக்கு நீளத்தை அளவுங்கோ, பிறகு பெட்டிக்குள்ள சில்லுக்கு மேல துருத்திக்கொண்டு நிக்கிற ரெண்டு மேட்டுக்கும் இடையில எவ்வளவு எண்டும் பாருங்கோ, ஏனெண்டா 8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகை தட்டையாப் படுக்குமோ எண்டது அதிலதான் தெரியும்.

போன காலபோகத்தில மாமாட டபிள் கப்பில நெல்லு மூட்டை ஏத்தினம், இடம் காணாம பின்கதவைத் திறந்து அதுக்கு மேலயும் அடுக்கி கயிறு போட்டுக் கட்டினது, பரந்தன் பக்கம் கிரவல் றோட்டில ஒரு கிடங்குக்க விழ கயிறு தளந்து கடைசி மூட்டை கிழிஞ்சு றோட்டெல்லாம் நெல்லு. பாரம் பின்சில்லுக்குப் பின்னால போனா முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும், அது சரியான ஆபத்து. நீளப் பெட்டியில பாரத்தை முன்னுக்குத் தள்ளி அடுக்கலாம்.

வயல், தோட்டம், கட்டட வேலை எண்டா யோசிக்காம சிங்கிள் எடுங்கோ. பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தி இறக்கோணும், கிழமைக்கு ரெண்டு உரப்பைதான் எண்டா டபிள் காணும்.