பழைய லினக்ஸ் கெர்னலில் பைட் தொலையாமல் ஃபைல் நகலெடுக்க

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் டீம் எழுதிய கருவி ஒன்று, ஒவ்வொரு சர்வரிலும் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ போன்ற ஃபைல்களை (டிஸ்கில் இல்லாமல், படிக்கும்போது கெர்னலே உருவாக்கித் தருபவை) டிஸ்கில் நகலெடுத்து வைக்கும். ஒரு வாடிக்கையாளரின் 5.4 கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) மட்டும் எல்லாம் 0 பைட்டாக வந்தது, பிழைச் செய்தியே இல்லை. "அண்ணே, என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுது" என்றான் தம்பி. அவனிடம் இருந்தது 6-ஆம் வரிசை கெர்னல்.

காரணம் காபி_ஃபைல்_ரேஞ்ச், அதாவது ஒரு ஃபைலை இன்னொன்றுக்கு நகலெடுக்கும்படி கெர்னலையே கேட்கும் அழைப்பு. 2016-இல் 4.5 கெர்னலில் வந்தபோது, இரண்டு வேறு ஃபைல்சிஸ்டம்களுக்கு இடையே நகலெடுக்கச் சொன்னால் ஈஎக்ஸ்டெவ் என்ற பிழை எண்ணைத் தந்து மறுத்துவிடும், நாமும் வழக்கமான ரீட்-ரைட்டுக்கு (படித்து எழுதும் வழிக்கு) மாறிக்கொள்வோம். 5.3-இல் அந்தத் தடையை எடுத்தார்கள். ப்ராக் ஃபைல்களின் அளவு 0 என்றே தெரிவதால், 'முடிந்தது, 0 பைட்' என்று பதில் வரத் தொடங்கியது. 5.19-இல்தான், வேறு வகை ஃபைல்சிஸ்டம்களுக்கு இடையே, தடை திரும்ப வந்தது.

அதனால் முதல் அழைப்பிலேயே 0 வந்தால் நம்பாதீர்கள், ஒருமுறை ரீட் செய்து பாருங்கள், அதுவும் 0 என்றால்தான் ஃபைல் உண்மையிலேயே காலி.

யுநேம் தரும் பதிப்பு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓவர்லேஎஃப்எஸ் (ஒரு டைரக்டரி மேல் இன்னொன்றை அடுக்கிக் காட்டும் ஃபைல்சிஸ்டம்) மூல லினக்ஸில் 3.18-இல்தான் வந்தது, ஆனால் ரெட் ஹாட் லினக்ஸ் 7-இன் 3.10 கெர்னலிலேயே அது இருக்கிறது. அழைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

ஈநோசிஸ் என்ற பிழை வந்தால் அந்த அழைப்பே கெர்னலில் இல்லை. அதை ஒரு ஃபிளாகில் குறித்து வைத்து, ப்ராசஸ் முடியும்வரை மறுபடி கேட்காதீர்கள். ஈஎக்ஸ்டெவ் அப்படியல்ல, அந்த இரண்டு ஃபைல்களுக்கு மட்டும் பொருந்தும், அடுத்த ஜோடிக்கு வேலை செய்யலாம் (இதையும் குறித்து வைத்துவிட்டு வேகம் போச்சே என்று நான் ஒருநாள் முழுக்கத் தேடினேன்). ஈபெர்ம் (அனுமதி இல்லை) வந்தாலும் ரீட்-ரைட்டுக்குப் போங்கள், பழைய கன்டெய்னர்களின் செக்காம்ப் வடிகட்டி (எந்த அழைப்புகளை அனுமதிப்பது என்று பார்ப்பது) தனக்குத் தெரியாத அழைப்புக்கெல்லாம் அதைத்தான் தரும். ஆனால் ஈநோஸ்பிசி வந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பொருள், அதை மறைக்கவே கூடாது.

சோதிக்கப் பழைய மெஷின் தேட வேண்டாம். ப்ரோகிராம் செய்யும் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியில், பொய்யான பதிலைப் புகுத்தும் இன்ஜெக்ட் வசதி இருக்கிறது: காபி_ஃபைல்_ரேஞ்சுக்கு எரர் என்று ஈநோசிஸ் கொடுத்து ஒருமுறை, ஈபெர்ம் கொடுத்து ஒருமுறை, அப்புறம் ரெட்வால் (அழைப்பு திருப்பித் தரும் மதிப்பு) 0 கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். மூன்றிலும் மூல ஃபைலையும் நகலையும் சிஎம்பி போட்டு ஒப்பிடுங்கள். எங்கள் கருவி அந்த மூன்றாவதில்தான் விழுந்தது.