உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்கு நோயாளியை அனுப்புவது எப்படி?

பேராக் மாநிலத்து லுமுட் ராணுவ மருத்துவமனையில் உள்ள உயரழுத்த அறை கடலில் முக்குளிப்பவர்களுக்குத்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) புண்ணோடு வருகிறவர்களின் கால் போய்விடுகிறது. கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள், எம்.ஏ. எனும் மருத்துவ உதவியாளர்கள், தாதிகளுக்காக இதை எழுதுகிறேன்.

அறைக்குள் காற்றழுத்தத்தை 2 முதல் 2.5 மடங்கு வரை ஏற்றி, சுமார் 90 நிமிடம் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். அது ரத்தத் திரவத்திலேயே கரைந்து, ஓட்டம் குறைந்த சதைக்கும் போய்ச் சேரும்.

முதலில், யாருக்கு என்று பாருங்கள். எலும்பு வரை இறங்கிய இனிப்பு நீர்க் கால்புண், ஆறாத எலும்புத் தொற்று, புற்றுநோய்க் கதிர்வீச்சுக்குப் பிறகு கெட்டுப்போன தாடை எலும்பு அல்லது சிறுநீர்ப்பை, இதெல்லாம் பொருந்தும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஸ்டீராய்டோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது, அதனால் கடிதம் அன்றைக்கே போகட்டும். வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓடிப் புகை (கார்பன் மோனாக்சைடு) ஏறியவர் என்றால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பவே நம்பாதீர்கள், அது 99 என்று காட்டும். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தபடியே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஆட்டிசம் குணமாகும் என்று வரும் விளம்பரத்தைப் பார்த்து யாரையும் அனுப்ப வேண்டாம்.

அடுத்து காலைப் பாருங்கள். கட்டைப் பிரித்து, சுத்தமான கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டால் கடினமாக ஏதாவது தட்டுகிறதா? தட்டினால் எலும்புத் தொற்றைச் சந்தேகியுங்கள், எக்ஸ்ரே எடுங்கள். பாதத்தில் நாடி கிடைக்கவில்லையா, ரத்தக்குழாய் நிபுணர்தான் முதலில். சீழை எடுக்காமல், சர்க்கரையை இறக்காமல், புண்மேல் பாரம் விழாமல் தடுக்காமல் ஆக்சிஜன் மட்டும் எதையும் ஆற்றாது.

அப்புறம் தடைகள். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கி, சிகிச்சை பெறாத நிலையில் இருந்தால் அறைக்குள் விடவே கூடாது. நாட்பட்ட மூச்சு நோய், வலிப்பு, காய்ச்சல், காது அறுவை, பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து, மூடிய இடத்துப் பயம், இவை ஒவ்வொன்றையும் கேட்டு எழுதுங்கள்.

கடிதத்தில் ‘கால் புண், உதவி தேவை’ என்று மட்டும் எழுதினால் அது திரும்பி வரும். இப்படி இருக்கட்டும்: ‘வலது பெருவிரலுக்கு அடியில் 3 x 2 செ.மீ. புண், செம்பனை முள் குத்தியது, எலும்பு தட்டுகிறது, பாத நாடி உண்டு, ஆறு வாரமாகக் கட்டு மாற்றியும் சுருங்கவில்லை.’ அதோடு எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு), நெஞ்சு எக்ஸ்ரே, மருந்துப் பட்டியல், புண்ணின் படம். அனுப்பும் முன் போன் செய்து பேசிவிடுங்கள்.

பலர் பாதியில் நிற்பது தூரத்தால்தான். கால்புண்ணுக்குப் பொதுவாக 30 முதல் 40 முறை, வாரத்துக்கு ஐந்து நாள்; நாள்சம்பளக்காரர் தினமும் லுமுட் போய் வர முடியுமா? “அண்ணே, சித்தியவான் பக்கம் தங்குறதுக்குச் சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?” என்று அன்றே கேளுங்கள். முள் வேலையில் குத்தியதென்றால் எம்.சி.யோடு (மருத்துவ விடுப்புச் சான்று) பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனுவையும் அப்போதே தொடங்குங்கள்.

கடைசியாக, நோயாளியிடம் சொல்ல வேண்டியது: பசியோடு போகக் கூடாது, உள்ளே சர்க்கரை இறங்கும். தலையில் தேங்காய் எண்ணெய், உடம்பில் தைலம் எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். லைட்டரும் கைப்பேசியும் வெளியிலேயே இருக்கட்டும்.