ஸ்கோப் வழியா பறவை எடுத்தா சுத்தி கருப்பு வட்டமா? நான் சரி பண்ணின விதம்

பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல ரோட்டோரமா நின்னு ஸ்கோப்ல (தூரத்துப் பறவைய பாக்குற சின்ன டெலஸ்கோப்) பாத்தா பவளக்கால் உள்ளானோட சிவப்புக் கண்ணு வரைக்கும் தெரியும், ஆனா என் சின்ன கேமராவ அதோட ஐபீஸ்ல (நாம கண்ண வெச்சுப் பாக்குற லென்ஸ்) வெச்சு எடுத்தா நடுவுல காசு மாதிரி ஒரு வட்டம், சுத்தி முழுக்க கருப்பு, அதுவும் மங்கலா. ரெண்டு சீசன் இப்படியே போச்சு, மனசே ஆறல.

கேமரா ஜூம 3 மடங்கு வரைக்கும் இழுத்தேன், கருப்பு ஓரம் போயிடுச்சு. ஸ்கோப்போட ஜூம மட்டும் 20 மடங்குலயே விட்டுடணும், இதுதான் ரொம்ப முக்கியம். என்னோட ஸ்கோப்புல முன் லென்ஸ் அகலம் 60 எம்.எம்., 20 மடங்குல வெச்சா ஐபீஸ்ல இருந்து 3 எம்.எம். அகலத்துக்கு வெளிச்சம் வருது, 60 மடங்குக்கு ஏத்தினா வெறும் 1 எம்.எம். தான், ஷட்டர் ஸ்லோவாகி படம் பூரா ஆடிடும். கேமரா ஜூம் 100 எம்.எம்.ல இருந்தாலே, ஸ்கோப்போட 20 மடங்கு சேந்து 2000 எம்.எம். லென்ஸ் கணக்கு வந்துடுதே, அதுக்கு மேல எதுக்கு?

அடுத்தது கை ஆட்டம். ஐபீஸ் மேல உக்கார்ற அளவுக்கு பிவிசி பைப் துண்டு வெட்டி, உள்ள பழைய சைக்கிள் டியூப ஒட்டி, மறுபக்கம் கேமரா லென்ஸ் உரசாம நிக்கிற மாதிரி பண்ணினேன், கேமராவோட வெயிட்ட அடியில ஒரு இரும்புப் பட்டையில ஸ்க்ரூ போட்டு தாங்க விட்டேன், இல்லன்னா லென்ஸ் மோட்டார் போயிடும்.

ஃபோகஸ் ஸ்கோப்லயே, பறவையோட கண்ண பாத்து. 2 செகண்ட் டைமர். வெள்ளை வயிறு வெளுத்துப் போகாம இருக்க எக்ஸ்போஷர் கொஞ்சம் மைனஸ். வெயில் ஏறிட்டா தண்ணி மேல காத்து நெளியும், அதனால இப்பல்லாம் விடியும்போதே போயிடுறேன், போன வாரம் எடுத்ததுல அலகு நுனியில தொங்கின தண்ணிச் சொட்டு கூட தெரியுது.